நாளெண்ண வந்த விலங்குகள்



சீனக் குடும்பங்களில் மூத்தவர் ஒருவரின் வயதை நேராகக் கேட்பதற்குப் பதிலாக, "தாங்கள் எந்த விலங்கின் ஆண்டில் பிறந்தவர்கள்?" என்று கேட்கும் வழக்கம் உண்டு. 'குதிரை' என்று மறுமொழி வந்தால் போதும். கேட்டவர் மனத்துக்குள் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிப் பார்த்துக்கொள்வார். எதிரில் இருப்பவருக்கு வயது நாற்பத்தெட்டா அறுபதா என்பதை முகம் சொல்லிவிடும். பன்னிரண்டு ஆண்டு பிழைபடும் அளவுக்கு யாருடைய முகமும் ஏமாற்றுவதில்லை. பிறந்த தேதியை எழுதி வைக்கும் வழக்கமில்லாத எளிய மக்களுக்கும், எழுத்தறியாத தாய்மார்களுக்கும், பிள்ளையின் வயதை மறவாமல் வைத்திருக்க இது நல்ல துணையாக இருந்து வந்திருக்கிறது. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்ற பன்னிரண்டும் முதலில் செய்த வேலை இந்த எண்ணும் வேலையே.

இவற்றுள் எட்டாவதை ஐரோப்பிய மொழிகளில் பெயர்ப்பவர்கள் இடர்ப்படுகிறார்கள். 'யாங்' என்னும் சீனச் சொல் செம்மறியையும் குறிக்கும், வெள்ளாட்டையும் குறிக்கும். எதை எழுதுவது என்று அவர்களுக்குள் ஓயாத வழக்கு. தமிழில் 'ஆடு' என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது.

விலங்குகள் எவ்வாறு வந்தன என்பதற்குச் சொல்லப்படும் கதை பலரும் அறிந்ததே. விண்ணரசன் விலங்குகளை அழைத்தான், ஆறு குறுக்கிட்டது, எலி எருதின் முதுகில் ஏறி வந்து கரையில் குதித்து முதலிடம் பெற்றது, எலியை நம்பி உறங்கிய பூனை இடம் இழந்தது. குழந்தைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை. அவ்வளவே. உண்மையான வரலாறு இதனினும் சுவையானது. அது ஓர் எலும்பில் தொடங்குகிறது.

சீனாவின் ஆன்யாங் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த எருத்தெலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் ஷாங் அரசர் காலத்துக் குறிகேட்டல்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றில் நாள்களைக் குறிக்க இரண்டு வரிசைகள் பயன்பட்டன. ஒன்று பத்துக் குறிகள் கொண்டது. அதை வானத் தண்டுகள் என்பர். மற்றொன்று பன்னிரண்டு குறிகள் கொண்டது. அதை மண்ணின் கிளைகள் என்பர். இரண்டையும் ஒருங்கே ஒவ்வொரு படியாக நகர்த்தினால் அறுபது நாள்களுக்குப் பின் முதற் கூட்டு மீண்டும் வரும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுவாக அமையும் சிற்றெண் அறுபதாதலின் இது நிகழ்கிறது. இந்தச் சுழலில் விலங்கு எதுவும் இல்லை. நல்லது கெட்டது என்ற பொருளும் எண்களுக்கு இயல்பாக இல்லை. நாளுக்கு வழங்கிய இச்சுழல் ஆண்டுக்கும் பரவி ஹான் அரசர் காலத்தில் நிலைபெற்றது. தண்டுகள் பத்தையும் இரண்டிரண்டாக மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தோடு இணைத்தார்கள். இவை தமிழர் கூறும் ஐம்பூதம் அல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வளியும் வெளியும் இதில் இல்லை. மரமும் உலோகமும் உண்டு. ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கும், ஒன்று மற்றொன்றை வெல்லும் என்ற இயக்கமே இவ்வைந்தின் உயிர்.

விலங்குகள் எப்போது ஒட்டிக்கொண்டன? ஹூபெய் மாநிலத்து யுன்மெங்கில் சுய்ஹூதி என்னும் இடத்தில் 1975இல் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. கி.மு. 217 அளவில் இறந்த, சின் அரசின் சிற்றலுவலர் ஒருவரின் கல்லறை அது. அவருடன் ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கில் ஏடுகளையும் புதைத்திருந்தார்கள். சட்ட நூல்களுக்கு நடுவே நாள் பார்க்கும் ஏடு ஒன்று இருந்தது. அதில் கள்வரைக் கண்டுபிடிக்க ஒரு பகுதி! பொருள் களவுபோன நாள் பன்னிரண்டு கிளைகளுள் எதற்கு உரியது என்று பார்க்க வேண்டும். அக்கிளைக்குரிய விலங்கின் சாயலே கள்வனின் சாயல். எலிக்குரிய நாளில் களவு நடந்திருந்தால் கள்வனுக்குக் கூரிய வாய், அடர்த்தியற்ற மீசை, கருத்த கை. களவாடிய பொருளைச் சுவருக்குள் குப்பையின் அடியில் ஒளித்து வைத்திருப்பான். ஊர்க்காவல் அலுவலர் ஒருவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மெலிந்த முகத்தவரைப் பிடித்து நிறுத்தினாரோ!

இந்த ஏட்டில் மற்றொரு செய்தியும் உண்டு. இன்றைய பட்டியலும் அதுவும் முழுதும் ஒன்றல்ல. இன்று குதிரை நிற்கும் ஏழாம் கிளையில் அங்கே மான் நிற்கிறது. குதிரை அதற்கு அடுத்த கிளையில், இன்று ஆடு நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஆடோ நாயின் இடத்தில் உள்ளது. ஆகவே எந்தக் கிளைக்கு எந்த விலங்கு என்பது வானம் எழுதிக் கொடுத்ததன்று. இடத்துக்கிடம் மாறி, பின்னர் ஒருவாறு படிந்த வழக்கு அது. மான் நிலைத்திருக்குமானால் குதிரையைப் பற்றி இந்த உரையில் சொல்லப்போகும் துயரங்கள் மானின் பெயரால் நடந்திருக்கும், அல்லது நடவாமலே போயிருக்கும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங் என்னும் அறிஞரின் 'லுன்ஹெங்' நூலில் விலங்குகள் ஏறத்தாழ இன்றைய வடிவில் காணப்படுகின்றன. அவர் அவற்றை எதற்காகக் குறிப்பிட்டார் என்பதுதான் அருமை. ஐந்து தன்மைகளுள் ஒன்று மற்றொன்றை வெல்லும் என்றும், விலங்குகள் அத்தன்மைகளை உடையவை என்றும் அந்நாளில் சொன்னவர்களை மறுக்கவே அவர் பட்டியலை எடுத்தார். எலி நீர், குதிரை நெருப்பு. நீர் நெருப்பை வெல்லுமானால் எலி குதிரையைத் துரத்தாதது ஏன்? சேவல் உலோகம், முயல் மரம். உலோகம் மரத்தை வெல்லுமானால் சேவல் முயலைக் கொத்தாதது ஏன்? இவ்வாறு கேட்டுக்கொண்டே போகிறார். பன்னிரண்டு விலங்குகளைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று அவற்றின் மீது நம்பிக்கையற்ற ஒருவரின் எழுத்தாக அமைந்துவிட்டது. பத்தொன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அவர் கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் நம்புகிறவர்களுக்கு இருந்ததில்லை.

விலங்குகள் சீன எல்லையைத் தாண்டிய போது அந்தந்த நாட்டுக்கேற்ப மாறின. வியட்நாமில் எருது நீரெருமையாயிற்று, முயல் பூனையாயிற்று. முயலுக்குரிய கிளையின் பெயர் வியட்நாமிய மொழியில் பூனையைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் நெருங்கியிருப்பது காரணம் என்பர். கதையில் எலியிடம் ஏமாந்த பூனைக்கு அந்த ஒரு நாட்டிலாவது நீதி கிடைத்தது. ஜப்பானில் வீட்டுப் பன்றி காட்டுப் பன்றியாயிற்று.

ஆண்டு எந்த நாளில் மாறுகிறது என்பதிலும் ஒருமை இல்லை. சீனப் புத்தாண்டு திங்களையும் ஞாயிற்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கால் வருவது. பெரும்பாலும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்குப் பின் வரும் இரண்டாம் அமாவாசையில் பிறக்கும். ஆதலால் அது சனவரி 21க்கும் பிப்ரவரி 21க்கும் இடையே அலையும். பன்னிரண்டு அமாவாசைகள் கொண்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்களே உண்டு. விட்டுப்போன நாள்களை ஈடுசெய்யப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மிகை மாதம் சேர்க்கப்படும். 2025 சனவரி 29இல் தொடங்கிய பாம்பு ஆண்டு இவ்வாறு 384 நாள்கள் நீண்டது. ஆனால் சோதிடர்கள் பலர் அமாவாசையைக் கொள்வதில்லை. பிப்ரவரி 4 அளவில் ஞாயிற்றின் நிலையைக் கொண்டு வரும் இளவேனில் தொடக்க நாளையே விலங்கு மாறும் நாளாகக் கொள்கிறார்கள். ஜப்பானோ 1873 முதல் ஐரோப்பிய நாட்காட்டியை ஏற்றுக்கொண்டது. அங்கே சனவரி முதல் நாளிலேயே விலங்கும் மாறிவிடுகிறது. 2024 பிப்ரவரி 8இல் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். சீனப் பொதுவழக்கில் அது முயல். சோதிடர் கணக்கிலும் ஜப்பானிலும் டிராகன். அக்குழந்தையின் குணத்தையும் திருமணத்தையும் செல்வத்தையும் இவற்றுள் எந்த விலங்கு வந்து வகுக்கும்?

இத்தகைய கேள்வி வெறும் வேடிக்கையாக முடிந்திருந்தால் இவ்வுரைக்குத் தேவையே இல்லை. ஆண்டுதோறும் அச்சாகும் நாட்காட்டிகளில் எலிக்குச் சூழ்ச்சி, எருதுக்கு உழைப்பு, ஆட்டுக்கு மென்மை, நாய்க்கு நன்றி என்று எழுதுகிறார்கள். படிப்பவர்கள் சிரித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறார்கள். அதனால் யாருக்கும் கேடில்லை. சொந்த விலங்கின் ஆண்டு திரும்பி வரும் போது, இருபத்து நான்கிலோ முப்பத்தாறிலோ, சிவப்புக் கயிறும் சிவப்பு உள்ளாடையும் அணிந்து காப்புத் தேடுவதிலும் கேடில்லை. ஒரு விலங்கின் பெயரால் குழந்தை பிறக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் போதுதான் செய்தி கனக்கிறது.

அறுபதாண்டுச் சுழலில் நாற்பத்து மூன்றாவது நெருப்புக் குதிரை. குதிரைக்குரிய கிளையே நெருப்பைச் சார்ந்தது. அதன்மேல் நெருப்புத் தண்டும் வந்து சேர்வதால் நெருப்பின்மேல் நெருப்பு என்று கொண்டார்கள். பழஞ்சீனத்தில் இது அரசுக்குரிய தீக்குறி. 1126 நெருப்புக் குதிரை ஆண்டு. அவ்வாண்டுச் சுழல் முடிவதற்குள் வடக்கிலிருந்து வந்த ஜின் படையிடம் சோங் அரசின் தலைநகர் கைஃபெங் வீழ்ந்தது. 120 ஆண்டுகள் கழிந்து மீண்டும் அந்த ஆண்டு வந்த போது, 1246இல், சாய் வாங் என்ற அலுவலர் பழைய நெருப்புக் குதிரை, நெருப்பு ஆட்டு ஆண்டுகளில் நேர்ந்த அரசியற் கேடுகளைத் தொகுத்து நூலாக்கி அரசருக்கு அளித்தார். பரிசாகச் சிறை கிடைத்தது. அங்கே அந்தக் குறி ஆள்வோரை நோக்கி நீட்டிய விரல். அரசே, விழிப்பாயிரு என்பதே அதன் பொருள்.

கடல் தாண்டி ஜப்பானுக்கு வந்த போது அதே விரல் திரும்பிப் பெண் குழந்தையைச் சுட்டியது. எடோ காலத்தில் மரவீடுகள் நெருங்கிய நகரங்களில் தீ விபத்துகள் மிகுதி; நெருப்புக் குதிரை ஆண்டில் தீ மிகும் என்று முதலில் அஞ்சினார்கள். பின்னர் அவ்வாண்டில் பிறந்த பெண் கணவனின் உயிரைக் குடிப்பாள் என்ற பேச்சு வேரூன்றியது. இதில் இலக்கியத்துக்கும் பங்குண்டு. காய்கறி வணிகர் ஒருவரின் மகளான ஓஷிச்சி என்னும் சிறுபெண், தீ விபத்தின் போது அடைக்கலம் புகுந்த கோயிலில் ஓர் இளைஞனைக் கண்டு காதல் கொண்டாள். மீண்டும் தீப்பிடித்தால் அவனைக் காணலாம் என்று தானே தீ வைத்தாள் என்றும், அதற்காக 1683இல் கொல்லப்பட்டாள் என்றும் வரலாறும் கதையும் கலந்து சொல்கின்றன. இஹாரா சைக்காகு 1686இல் வெளியிட்ட, காதல்வயப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றிய நூலில் அவளுக்கு இடமளித்தார். பின்வந்த பொம்மலாட்ட நாடகங்கள் அவளை 1666ஆம் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவளாக்கின. நெருப்பு வைத்தவள் நெருப்பு ஆண்டில் பிறந்தவள் என்பது மேடைக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! நாடகம் பார்த்து அழுத மக்கள் வீட்டுக்குத் திரும்பித் தங்கள் மருமகளின் பிறந்த ஆண்டை எண்ணிப் பார்த்தார்கள். இரங்கத்தக்க ஒரு பெண்ணுக்காக எழுதப்பட்ட கதை பின்வந்த பெண்களுக்கு எதிரான சான்றாயிற்று. எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் இதைச் சற்று நின்று எண்ணுதல் தகும்.

1906இல் நெருப்புக் குதிரை வந்த போது ஜப்பானில் பிறப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு குறைந்தது. அதனினும் கருதத்தக்கது பதிவேட்டில் நடந்த மாற்றம். ஆண்களோடு ஒப்பிட அவ்வாண்டில் பதிவான பெண் குழந்தைகள் குறைவு. முன்னாண்டிலும் பின்னாண்டிலும் பதிவானவர்கள் மிகுதி. பெற்றோர் மகளின் பிறந்த நாளை முன்னும் பின்னுமாகத் தள்ளி எழுதினார்கள் என்பதே இதன் பொருள். மகளுக்கு அவர்களால் செய்ய முடிந்த முதல் உதவி அந்தப் பொய். அவ்வாறு காக்கப்படாத பெண்கள் மணப்பருவம் எய்திய 1920களில், மணம் தடைப்பட்டு உயிர் மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வந்தன.

அடுத்த சுழல் 1966. அந்த ஜப்பான் விரைவுத் தொடர்வண்டி ஓடும் நாடு. ஒலிம்பிக் நடத்தி முடித்த நாடு. எழுதப் படிக்கத் தெரியாதவர் அரியர். பழைய அச்சம் மறைந்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். 1965இல் பிறந்த குழந்தைகள் 18,23,697. 1966இல் பிறந்தவர்கள் 13,60,974. 1967இல் 19,35,647. ஓர் ஆண்டில் 4,60,000க்கு மேல், நான்கில் ஒரு பங்குக்கு மேல், பிறப்புக் குறைந்தது. 1906ஐவிட ஆறு மடங்கு பெரிய வீழ்ச்சி.

கல்வி பெருகிய காலத்தில் அச்சம் ஏன் பெருகியது? பெருகியது அச்சமன்று, அச்சத்தைச் செயற்படுத்தும் வழியே. 1906இல் கருவுறாமல் காத்துக்கொள்ளும் வழிகள் பெரும்பாலோர்க்கு எட்டவில்லை. 1966இல் கருத்தடை பரவியிருந்தது. கருக்கலைப்பும் 1948 முதல் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. இதழ்கள் ஆண்டு பிறப்பதற்கு முன்பிருந்தே இதைப் பற்றி எழுதி எழுதி, அறியாதவருக்கும் அறிவித்தன. எல்லாவற்றினும் முதன்மையான காரணம் வேறு. அந்தப் பெற்றோருள் மிகப் பலர் நெருப்புக் குதிரையை நம்பியிருக்க மாட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தங்கள் மகளைப் பெண் பார்க்க வரும் வீட்டார் நம்பக்கூடும் என்பதே அவர்கள் அச்சம். நான்கு பேர் நம்பிக்கைக்கு அஞ்சி, நம்பாத நாற்பது பேர் நடந்துகொள்கிறார்கள். அந்த நடத்தையைக் கண்டு அடுத்த தலைமுறை, நாற்பத்து நான்கு பேரும் நம்பினார்கள் என்று முடிவு செய்கிறது. மூடநம்பிக்கை பெரும்பாலும் இவ்வாறே வாழ்கிறது.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. 1966இல் பிறந்த சில நாள்களிலேயே விபத்து, வன்செயல் ஆகிய காரணங்களால் இறந்ததாகப் பதிவான பெண் சிசுக்களின் விகிதம் உயர்ந்திருந்தது என்று 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எண்களை அடுக்கிவிட்டு அமைதியாக முடிந்த ஆய்வு அது. அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

பிறந்த பெண்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்? மற்றப் பெண்களைப் போலவே படித்தார்கள், பணிசெய்தார்கள், மணந்தார்கள். உடன் பிறந்தோர் தொகை குறைந்ததால் வகுப்பறைகளில் நெருக்கமும் குறைவு. 1966 செப்டம்பர் 11இல் பிறந்த கிக்கோ, 1990இல் ஜப்பானியப் பேரரசரின் இளைய மகனை மணந்து இளவரசியானார். நாற்பத்தொரு ஆண்டுகளாக ஆண் குழந்தை பிறவாத அரச குடும்பத்தில் 2006இல் அவருக்கு ஆண் மகவு பிறந்தது. நெருப்புக் குதிரைப் பெண் குடும்பத்தை அழிப்பாள் என்ற பேச்சுக்கு இதைவிட எதிர்ச்சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஒரு தனிவாழ்வைக் கொண்டு அந்தப் பேச்சை மறுப்பதும் குதிரையின் வழியிலேயே எண்ணுவதாகும். அவருக்கு மகன் பிறவாதிருந்தாலும் குதிரைக்கு அதில் பங்கில்லை.

1966இல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.58 என்று கணக்கிட்டார்கள். அது ஒரு விலங்கால் நேர்ந்த விதிவிலக்கு என்று கொள்ளப்பட்டது. 1989இல் அந்த எண் 1.57 ஆயிற்று, மறு ஆண்டில் அது வெளிவந்த போது நாடே திடுக்கிட்டது. 2024இல் 1.15, பிறந்தவர்கள் 6,86,061 பேர். வீட்டு வாடகையும் வேலைநேரமும் தனிமையும் சேர்ந்து, எந்த விலங்கின் துணையும் இல்லாமல், குதிரையால் இயலாததைச் செய்துவிட்டன.

குதிரைக்கு மறுதலை டிராகன். பன்னிரண்டில் எவரும் கண்ணால் காணாத விலங்கு அது ஒன்றே, அதற்குத்தான் பெருமதிப்பு. டிராகன் ஆண்டில் பிறந்த பிள்ளை உயர்வடையும் என்ற நம்பிக்கையால் சீனர் வாழும் நாடுகளில் அவ்வாண்டில் பிறப்பு மிகும். தொன்றுதொட்டு வந்த வழக்கு இது என்று பலரும் நினைக்கிறார்கள். மக்கள்தொகை ஆய்வாளர்கள் பதிவுகளைப் புரட்டிய போது 1952இலும் 1964இலும் அத்தகைய உயர்வு காணப்படவில்லை; 1976 தொடங்கியே தெளிவாகத் தெரிகிறது. குடும்பக் கட்டுப்பாடு பரவி, பிள்ளை பிறக்கும் ஆண்டைத் தேர்ந்துகொள்ள முடிந்த பிறகே 'பழைய' வழக்கம் பிறந்திருக்கிறது!

சிங்கப்பூரில் 1986 புலி ஆண்டு. பிறந்தவர்கள் ஏறத்தாழ 38,400. 1987இல் 43,600. 1988 டிராகன் ஆண்டில் ஏறத்தாழ 53,000. 1987இல் அரசு தன் மக்கள்தொகைக் கொள்கையை மாற்றி, வசதியுள்ளோர் மூன்று குழந்தைகளோ அதற்கு மேலுமோ பெறலாம் என்று ஊக்கியதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம்; எல்லாப் புகழும் டிராகனுக்கு உரியதன்று. ஆனால் அந்த ஆண்டுக் குழந்தைகள் பள்ளி சேர்ந்த போதும், பல்கலைக்கழக வாயிலில் நின்ற போதும், வேலை தேடிய போதும் போட்டி மிகுந்த கூட்டமாகவே சென்றார்கள். டிராகன் தலைமுறைச் சீனர்கள் பல்கலைக்கழக இடம் பெறுவதிலும் வருமானத்திலும் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினர் என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டார்கள். நற்பேறு தேடியவர்களின் நெருக்கமே நற்பேற்றைத் தின்றது. அந்த வகுப்பறைகளில் டிராகனை அறியாத மலாய்க் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் அமர்ந்திருந்தன என்பதையும் மறக்கலாகாது.

2024இன் டிராகன் ஆண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 10இல் பிறந்து 2025 சனவரி 28இல் முடிந்தது. இளவேனில் தொடக்க நாள் அதற்கு முன்னும் வந்தது, பின்னும் வந்தது, உள்ளே வரவில்லை. வேனிலற்ற ஆண்டைச் சீனர் கைம்மை ஆண்டு என்பர். அதில் மணம் செய்தலாகாது. குழந்தைக்கு நல்ல ஆண்டு, திருமணத்துக்குத் தீய ஆண்டு! சீனாவில் 2023இல் 90,20,000 ஆக இருந்த பிறப்பு 95,40,000 ஆயிற்று. 76,80,000 ஆக இருந்த திருமணப் பதிவு 61,06,000 ஆகச் சரிந்தது. மணப்பருவத்தினர் தொகை சுருங்கியதும் வாழ்க்கைச் செலவும் இச்சரிவின் பெருங்காரணங்கள் எனினும் நாட்காட்டியும் தன் பங்கைச் செலுத்தியது.

அறுபதாண்டுச் சுழல் தமிழர்க்கும் உண்டு என்பதால் இரண்டும் எங்கேனும் சந்தித்தனவா என்று கேட்கத் தோன்றும். சந்தித்தன, திபெத்தில். காலச்சக்கர தந்திரத்தோடு இந்தியக் கணக்கு அங்கே சென்ற போது, 1027ஆம் ஆண்டை முதலாகக் கொண்டு அறுபதாண்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். அச்சுழலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ரப்ஜுங்'. அது 'பிரபவ' என்னும் வடசொல்லின் மொழிபெயர்ப்பே. அதே ஆண்டு சீன முறையில் நெருப்பு முயல். 1027இலிருந்து பதினாறு சுழல் முடிந்து பதினேழாவது தொடங்கியது 1987இல். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் பிரபவ பிறந்ததும் 1987 சித்திரையில்தான். சீனச் சுழல் 1984இலேயே எலியோடு தொடங்கிவிட்டது. மூன்றாண்டு இடைவெளியில் இரு சக்கரங்களும் ஒரே விரைவில் சுழல்கின்றன.

அந்தக் கணக்கில் நெருப்புக் குதிரைக்கு நேரே நிற்பது எது? நாற்பதாம் ஆண்டாகிய பராபவ. தோல்வி, இழிவு என்பது அச்சொல்லின் பொருள்! 1966 சித்திரையில் பிறந்த ஆண்டு பராபவ. 2026 சித்திரைக்குரியதும் அதுவே. சீனர் விரும்பிக் குழந்தை பெற்ற 2024க்குரிய தமிழ்ப்பெயர் குரோதி, சினமுடையது. பெயருக்கு அஞ்சி எந்தத் தமிழ்த்தாயும் பராபவயிலோ குரோதியிலோ பிள்ளை பெறாமலிருந்ததில்லை. ஆண்டின் பெயர் திருமண அழைப்பிதழிலும் பஞ்சாங்கத்தின் முதற்பக்கத்திலும் நின்றுவிட்டது. இதைக் கொண்டு தமிழர் தெளிந்தவர் என்று மகிழ்ந்துவிட வழியில்லை. இங்கே அந்த வேலையை ஆண்டுக்கு மாறாக நாள்மீன் செய்கிறது. மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்று சொல்லி எத்தனை பெண்களின் ஓலைகள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன! மகளின் பிறந்த நேரத்தைச் சிறிது தள்ளி எழுதித் தரும்படி கணியரிடம் இரந்து நின்ற தந்தைக்கும், 1906இல் பதிவேட்டில் தேதியை மாற்றிய ஜப்பானியத் தந்தைக்கும் இடையே மொழி ஒன்றுதான் வேறுபாடு. அங்கும் இங்கும் சொல்பவர் கூறுவது ஒன்றே: "எங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை, பெரியவர்கள் பார்க்கிறார்கள்."

அறுபது நிரம்புதல் இவ்விரு மரபுகளிலும் பெருவிழா. பிறந்த ஆண்டின் பெயர் ஒருவர் வாழ்நாளில் மீண்டும் வந்து அவரைச் சந்திப்பது அப்போதுதான். தமிழர் மணிவிழாக் காண்பர்; கணவனும் மனைவியும் மீண்டும் மாலை மாற்றிக்கொள்வர். ஜப்பானியர் அதைக் 'கன்ரெக்கி' என்பர். சுழல் முடிந்து மனிதர் மறுபடி குழந்தையாகிறார் என்பது கருத்து. ஆதலால் குழந்தைக்குரிய சிவப்புத் தொப்பியும் கையில்லாச் சிவப்பு மேலாடையும் அணிவித்து, பிள்ளைகளும் பேரர்களும் சூழ விருந்து வைப்பர். 1966இல் பிறந்த அந்தப் பதின்மூன்றரை இலட்சம் பேரில் பாதியளவினரான பெண்களுக்குக் கன்ரெக்கி ஆண்டு 2026. சீனக் கணக்கில் பிப்ரவரி 17இலும் ஜப்பானியக் கணக்கில் சனவரி முதல் நாளிலும் தொடங்கும் அவ்வாண்டின் பெயர் நெருப்புக் குதிரை.